அவரவர் கையால் எண் சாண்

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று சொல்லி வைத்தார்கள் பெரியவர்கள். அந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டுச் சாண் என்றால் யாருடைய சாண்? ஜவுளிக் கடையின் கஜக்கோலால் அளந்தால் ஒருவன் ஐந்தடி, இன்னொருவன் ஆறடி. ஆனால் அவரவர் கையை விரித்து அவரவர் உடம்பை அளந்து பாருங்கள். குட்டையனும் ஏறக்குறைய எட்டுச் சாண்தான். நெட்டையனும் எட்டுச் சாண்தான். மனிதனை அவனுடைய கையாலேயே அளக்க வேண்டும் என்ற ஒரு நியாயம், எப்படியோ அந்தப் பழமொழிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பிரதானமான சிரசுக்குள்ளே, மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மூளையின் அடியில், ஒரு மெல்லிய காம்பில் பட்டாணி அளவுக்கு ஓர் உறுப்பு தொங்குகிறது. அதன் எடை சுமார் அரை கிராம். அதை ஏந்திக்கொள்ள எலும்பில் ஒரு குழி உண்டு. குதிரைச் சேணம் போல் இருப்பதால் அதற்குத் 'துருக்கிச் சேணம்' என்று பெயர் வைத்தார்கள். உறுப்பின் பெயர் பிட்யூட்டரி. மூளையிலிருந்து சளியை வடித்து மூக்குக்கு அனுப்புவதே அதன் வேலை என்று முற்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நினைத்தார்கள்; கபத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். நம்மவர்களும் அதை அப்படியே பெயர்த்துக் 'கபச் சுரப்பி' என்றார்கள். காரணம் பொய்யாகிப் போனது, பெயர் நிலைத்துவிட்டது.

உண்மையில் அது வடிப்பது சளியை அல்ல. குழந்தையின் எலும்பை வளரச் சொல்வதும், தாயின் மார்பில் பாலைச் சுரக்கச் சொல்வதும், ஆபத்து நேரத்தில் உடம்பை விழித்துக்கொள்ளச் சொல்வதும், பருவம் வந்த பிள்ளைகளைப் பருவத்துக்கு அழைத்துச் செல்வதும் அதிலிருந்து புறப்படும் ஹார்மோன்களே. வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில். போதும் என்று உடம்பு சொன்னால் நிறுத்திக்கொள்ளும்.

இந்தச் சுரப்பியில் சிலருக்குக் கட்டி உண்டாகிறது. கட்டி என்றதும் நாம் பயப்படும் அந்தப் பொல்லாத வகை அல்ல இது. பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிகமிக அபூர்வம். ஆனால் இவற்றுள் சில சும்மா இருப்பதில்லை. தாமும் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. சுரப்பி கேட்டால் கொடுக்கும். கட்டி கேளாமலே கொடுக்கும். போதும் என்றாலும் நிறுத்தாது.

வளர்ச்சிக்கான ஹார்மோன் இப்படிப் பெருகினால் என்ன ஆகும்? எலும்பு இன்னும் முற்றாத சிறுவன் பனையாக வளர்ந்துகொண்டே போகிறான். எலும்பு முற்றியவர்கள் உயர முடியாது, ஆகவே பருக்கிறார்கள். மோதிரம் விரலில் ஏற மறுக்கிறது. செருப்பின் அளவு மாறுகிறது. மூக்கும் உதடும் நாக்கும் தடிக்கின்றன, தாடை முன்னால் வருகிறது, பற்கள் விலகுகின்றன, குரல் கனக்கிறது. 1886ஆம் ஆண்டில் பாரிஸில் பியர் மாரி என்ற வைத்தியர் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டு 'அக்ரோமெகாலி' என்று பெயரிட்டார். மாற்றம் மிக மெதுவாக நடப்பதால், தினமும் பார்க்கிற வீட்டார் கண்ணுக்கே தெரிவதில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்றைய மருத்துவர்களும் பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

வேறொரு வகைக் கட்டி, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை ஓயாமல் தூண்டுகிறது. முகம் பூரண சந்திரனாக வட்டமாகிறது. உடல் பெருத்துக் கைகால் மெலிகிறது. வயிற்றில் செந்நீலக் கோடுகள் விழுகின்றன. ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் வருகின்றன. அத்துடன் நிற்பதில்லை. தூக்கம் போகிறது, அழுகை வருகிறது, காரணமில்லாத கோபம் வருகிறது. இன்னொரு வகை, இந்தக் கட்டிகளில் மிகச் சாதாரணமானது, பாலைச் சுரக்கச் செய்கிற ஹார்மோனைப் பெருக்குகிறது. பிள்ளை பெறாதவளுக்குப் பால் சுரக்கலாம், மாதவிடாய் நின்றுபோகலாம். ஆணுக்கு ஆசையே அற்றுப்போகலாம்.

இனி என் சங்கடத்தைச் சொல்கிறேன். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற பழமொழியை நம்பித்தான் உலகத்தில் பாதிக் கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. தடித்த உதடு, துருத்திய தாடை, கட்டைக் குரல் - இவை மூன்றும் சேர்ந்தால் வாசகருக்கு வேறு சொல்ல வேண்டியதில்லை. வில்லன் வந்துவிட்டான் என்று தெரிந்துகொள்வார். ஆனால் அந்த உதடும் தாடையும் குரலும் அரை கிராம் சுரப்பியில் முளைத்த ஒரு கட்டியின் வேலையாக இருக்கலாம் என்றால், பழமொழி என்ன ஆகிறது?

முகத்தோடு போனாலும் பரவாயில்லை. கோபமும் துக்கமும் ஆசையும்கூடச் சுரப்பின் ஏற்றத்தாழ்வில் மாறுகின்றன என்றால், 'குணம்' என்று நாம் சொல்வது என்ன? பால் ஹார்மோன் கட்டிக்குக் கத்தி வேண்டாம், மாத்திரையே போதும் என்பது பெரும்பாலோருக்குக் கிடைத்திருக்கிற பெரிய வரப்பிரசாதம். கட்டி சுருங்குகிறது, பெண்கள் தாயாகிறார்கள். ஆனால் அந்த மாத்திரையை உண்பவர்களில் ஒரு சிலருக்கு, அதுவரை சீட்டைத் தொட்டே அறியாதவர்களுக்கு, சூதாட்ட வெறி பிடிக்கிறது. சிலர் கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் வெறி அடங்கிவிடுகிறது. வீட்டுப் பணத்தைச் சூதில் தோற்றவனை நாம் என்னவென்று ஏசுவோம்? அந்த ஏச்சு மாத்திரைக்கா, மனிதனுக்கா?

இதைக் கேட்டவுடன் சிலர் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். மனிதன் என்று ஒருவனும் இல்லை, எல்லாம் சுரப்பிகளின் கூத்து என்பார்கள். முன்பு தலையெழுத்து என்று சொன்னதை இப்போது தலைக்குள் இருக்கும் சுரப்பி என்று மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அந்த முடிவில் சம்மதமில்லை. காரணம், வெறி அடங்கியபின் 'அது நான் அல்ல' என்று சொல்கிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன் யார்? கண்ணாடியில் தன் தடித்த முகத்தைப் பார்த்துவிட்டு அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று யோசிக்கிறவள் யார்? உடம்பைச் சுரப்பி கொடுத்திருக்கலாம். அந்த உடம்பைப் பற்றி ஒருவர் சொல்லும் சொல் அவருடையது. அந்தச் சொல்லுக்கு நாம் என்ன மதிப்புக் கொடுக்கிறோம் என்பதில்தான் தர்மம் இருக்கிறது.

தத்துவமாகப் பேசினால் இது எளிது. நடந்த கதையில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்.

சார்லஸ் பர்ன் அயர்லாந்தின் வடபகுதியில் 1761ஆம் ஆண்டு பிறந்த ஏழைப் பையன். தலைக்குள் இருந்த கட்டி அவனை ஏழடி ஏழு அங்குலத்துக்கு இழுத்துவிட்டது. நம் சாணில் பத்துச் சாணுக்கும் மேல். 1782ல் லண்டனுக்கு வந்து, காசு கொடுத்தவர்களுக்குத் தன்னைக் காட்டிப் பிழைத்தான். பத்திரிகைகள் அவனைக் கொண்டாடின. ஓராண்டுக்குள் கதை திரும்பியது. நோயும் குடியும் அவனைத் தின்றன. சேர்த்து வைத்திருந்த பணம், சுமார் 700 பவுன், ஒரு மதுக்கடையில் திருட்டுப் போயிற்று. 1783 ஜூனில், இருபத்திரண்டாவது வயதில், அவன் இறந்தான்.

சாவதற்கு முன் அவனுக்கு இருந்த பயம் சாவைப் பற்றியது அல்ல. பிணத்துக்காகக் காத்திருந்தவர்களைப் பற்றியது. அவர்களில் முதன்மையானவர் ஜான் ஹண்டர். லண்டனின் பெரிய அறுவை வைத்தியர்; உடற்கூற்று விஞ்ஞானத்தில் மேதை; ஆயிரக்கணக்கான எலும்புகளும் உறுப்புகளும் சேர்த்து வைத்திருந்தவர். பர்ன் தன் நண்பர்களை அழைத்துக் கேட்டுக்கொண்டான்: என் உடலை ஈயப் பெட்டியில் வைத்துக் கடலில் ஆழ்த்திவிடுங்கள் என்று. தோண்டி எடுக்க முடியாத இடம் கடல் ஒன்றுதான் என்பது அவன் கணக்கு.

நண்பர்கள் பெட்டியோடு கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஹண்டரின் பணம் பேசியது; 500 பவுன் என்பார்கள். உடல் மாற்றப்பட்டது, பெட்டிக்குள் கற்கள் போயின என்பது வழங்கிவரும் வரலாறு. உடலைக் கொப்பரையில் கொதிக்க வைத்து எலும்பைப் பிரித்தெடுத்தார் ஹண்டர். சில ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். 1786ல் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அவருடைய உருவத்தைத் தீட்டியபோது, மேல் மூலையில் நீண்ட எலும்புக் கால்கள் இரண்டு தொங்குவதையும் சேர்த்தே தீட்டினார். அவை பர்னுடைய கால்கள். பெரிய மனிதர் வீட்டுச் சுவரில் மான் கொம்பு தொங்குவதைப் போல.

ஹண்டரைக் கொடியவர் என்று தள்ளிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. அறிவுக்காக எதையும் செய்யலாம் என்று மெய்யாகவே நம்பியவர். கெட்டவன் செய்யும் தவறைவிட, நல்ல நோக்கம் உள்ளவன் செய்யும் தவறே நம்மை அதிகம் யோசிக்க வைக்கிறது. விந்தை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு அடைந்த அந்த எலும்புக்கூட்டின் மண்டையை ஹண்டர் திறந்து பார்க்கவில்லை. ரகசியம் அந்தக் குழிக்குள் இருந்தது. நூற்றிருபத்தாறு வருஷங்கள் அது அப்படியே இருந்தது. 1909ல்தான், அமெரிக்காவிலிருந்து வந்த ஹார்வி குஷிங் என்ற அறுவை நிபுணர் கேட்டுக்கொண்டதன் பேரில், பொருட்காட்சி சாலையின் பொறுப்பாளர் ஆர்தர் கீத் அதைத் திறந்தார். துருக்கிச் சேணம் அகன்று கிடந்தது. அங்கே ஒரு கட்டி குடியிருந்ததற்கு அதுவே சாட்சி.

பிறகு 2011ல் இன்னொரு செய்தி வந்தது. பர்னுடைய இரண்டு பற்களிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்தார்கள். ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் ஒரு பிழை இருந்தது. வடஅயர்லாந்தில் இன்று வாழும் நான்கு குடும்பங்களிலும் அதே பிழை இருக்கிறது. எல்லோரும் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரே மூதாதையின் சந்ததிகள். ஆகவே அந்தப் பகுதிப் பிள்ளைகளை முன்கூட்டியே சோதித்து, கட்டி வளருமுன் காப்பாற்ற வழி பிறந்தது.

இப்போது தராசைக் கையில் எடுங்கள். ஒரு தட்டில் செத்துப்போன ஒரு வாலிபனின் வேண்டுகோள். மறு தட்டில் உயிரோடிருக்கும் குழந்தைகளின் சுகம். எது கனம்?

குழந்தைகளின் சுகம் என்று உடனே சொல்லத் தோன்றுகிறது. எனக்கும் அந்தப் பக்கம் சாய்வதில் வெட்கமில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. திருடிய நெல்லில் அன்னதானம் செய்தால் உண்டவர் பசி தீரும், அது உண்மைதான். அதனால் நெல் திருடியவனுடையதாகிவிடாது. ஹண்டர் எலும்பை எடுத்தபோது மரபணு என்ற சொல்லே பிறக்கவில்லை. இருநூறு வருஷத்துக்குப் பின் விளைந்த நன்மையை அவர் கணக்கில் வரவு வைப்பது நியாயமல்ல.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. பர்னின் பற்கள் தனியாக எதையும் சொல்லிவிடவில்லை. வடஅயர்லாந்தில் உயிரோடு இருப்பவர்கள் தங்கள் மரபணுவைக் கொடுத்தார்களே, அவற்றோடு ஒப்பிட்டபோதுதான் அவை பேசின. அவர்களிடமிருந்து யாரும் திருடவில்லை. கேட்டார்கள்; அவர்கள் கொடுத்தார்கள். அறிவு வளரக் கேட்பது ஒரு தடை அல்ல என்பதற்கு அதே ஆராய்ச்சிதான் அத்தாட்சி. பர்னிடம் ஹண்டர் பணிந்து கேட்டிருந்து, அவன் மறுத்திருந்தால்? அந்த மறுப்பைச் சுமந்துகொண்டு திரும்பி வருவதுதான் மனிதத்தனம். வேறொருவர் சம்மதிப்பார், அதுவரை விஞ்ஞானம் காத்திருக்கலாம். விஞ்ஞானத்துக்கு ஆயுள் அதிகம்.

அந்த 2011லேயே, மருத்துவ அறம் பயிற்றிய ஒரு பேராசிரியரும் ஒரு சட்ட அறிஞரும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள்: வேண்டிய ஆராய்ச்சி முடிந்துவிட்டது, இனியாவது அவன் கேட்டபடி கடலில் சேர்த்துவிடுங்கள் என்று. 2023ல் அந்தப் பொருட்காட்சி சாலை, எலும்புக்கூட்டை இனிமேல் பார்வைக்கு வைப்பதில்லை என்று அறிவித்தது. ஆனால் ஆராய்ச்சிக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாதி மரியாதை. காட்சிப் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டான். கடலுக்குப் போய்ச் சேரவில்லை.

மற்றொரு கதை ஒரு தாயுடையது. மேரி ஆன் பெவன் 1874ல் லண்டனில் பிறந்தவள்; நர்ஸாக வேலை பார்த்தவள்; பார்க்க லட்சணமானவள். கல்யாணமானபின் அக்ரோமெகாலி வந்தது. முகம் மாறியது; தலைவலி விடவில்லை; பார்வை மங்கியது. 1914ல் கணவன் இறந்தான். நான்கு குழந்தைகள். அவலட்சணமான பெண் யார் என்று ஒரு போட்டி நடந்தபோது அதில் போய் நின்றாள்; பரிசு அவளுக்குக் கிடைத்தது. 1920ல் அமெரிக்காவுக்குப் போய்க் கோனித் தீவின் கேளிக்கைக் கொட்டகையில், 'உலகிலேயே அவலட்சணமான பெண்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள். சிரித்தவர்கள் கொடுத்த காசில் குழந்தைகள் படித்தார்கள். 1933ல் இறக்கும்வரை அதுதான் அவள் ஜீவனம்.

1927ல் 'டைம்' பத்திரிகை அவளைப் பற்றிக் கேலியாக எழுதியது. அதைப் படித்துவிட்டு ஒருவர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். இந்தப் பெண்ணைத் தாக்கியிருப்பது ஒரு நோய், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். எழுதியவர் யார் தெரியுமா? பர்னின் மண்டையைத் திறக்கச் சொன்ன அதே ஹார்வி குஷிங்தான். பிட்யூட்டரியைப் பற்றி அந்தக் காலத்தில் அவரைவிட அறிந்தவர் இல்லை. வட்ட முகத்தைத் தரும் அந்த நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருக்கு அறிவும் இருந்தது. அந்த அறிவு முகத்தைத் தாண்டி உள்ளே இருந்தவளையும் பார்த்தது. ஹண்டரிடம் குறைந்திருந்தது அறிவு அல்ல, இந்தப் பார்வைதான்.

கேலி அத்துடன் ஓயவில்லை. அவள் இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில் விற்ற ஒரு வாழ்த்து அட்டையில் அவள் படத்தைப் போட்டுச் சிரித்தார்கள். டச்சு மருத்துவர் ஒருவர் ஆட்சேபித்த பிறகு அட்டை நிறுத்தப்பட்டது.

என்னைக் கேட்டால், அந்தப் பலகையில் எழுதியிருந்ததைவிடப் பெரிய பொய் கிடையாது. தன் முகத்தைக் காட்டிக் குழந்தைகளுக்குச் சோறு போட்டாளே, அந்த முடிவு அவளுடையது. கட்டி அவளுக்கு முகத்தைத்தான் கொடுத்தது. அந்தத் துணிவைக் கொடுக்கவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பொய்யாக இருக்கலாம். செய்கையில் தெரியும் என்பது பொய்யாகாது.

இன்று இந்தக் கட்டிகள் பலவற்றுக்கு வழி இருக்கிறது. மண்டையைப் பிளக்காமல் மூக்கு வழியாகவே சென்று எடுத்துவிடுகிறார்கள், மருந்துகள் இருக்கின்றன, கதிர் சிகிச்சை இருக்கிறது. ஆனால் வைத்தியரிடம் போய்ச் சேருவதற்குள் பலருக்குப் பல வருஷங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த வருஷங்களை அவர்கள் நம் நடுவில்தான் கழிக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒருத்தியைப் பார்த்து, "என்னடி இப்படி ஊதிவிட்டாய், வாயைக் கட்டக்கூடாதா?" என்கிறோம். எரிந்து விழும் மருமகளைத் திமிர் பிடித்தவள் என்கிறோம். பிள்ளை இல்லாதவளுக்கு வேறு பெயர் வைக்கிறோம். எல்லோருக்கும் தலையில் கட்டி என்று நான் சொல்லவில்லை. இவை அபூர்வமான நோய்கள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், சொல்லுமுன் சற்றுத் தயங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

கடைசியாக ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ, நம்பத்தகுந்த அளவுகளின்படி, மனிதரில் மிக உயரமானவன். எட்டடி பதினொரு அங்குலம். அவனுக்குச் சுரப்பியே மிகுந்து வளர்ந்திருந்தது. ரிங்லிங் சகோதரர் சர்க்கஸில் சேர்ந்தபோது அவன் நிபந்தனை போட்டான். வேடிக்கைக் கொட்டகையில் உட்கார மாட்டேன், நடு அரங்கில்தான் வருவேன். உயரத்தைக் கூட்டிக் காட்டும் நெடுந்தொப்பி வேண்டாம், என் வழக்கமான உடுப்பில்தான் வருவேன் என்றான். அவனும் பர்னைப் போல் இருபத்திரண்டு வயதில், 1940ல் இறந்தான். யாரும் திருடிவிடாதபடி அவன் பெட்டியைக் கான்கிரீட்டுக்குள் வைத்துப் புதைத்தார்கள் வீட்டார்.

வழக்கமான உடுப்பில் வருவேன் என்ற அந்த ஒரு சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ஊர் அவனைத் தன் கஜக்கோலால் அளந்து அதிசயித்தது. அவன் தன் கையால் தன்னை அளந்தான். அந்த அளவில் அவனும் உங்களையும் என்னையும் போல எண் சாண் மனிதன்தான்.